தூளிக்குக் கொக்கி இல்லாத வீடுகள்

ஜலந்தர் கண்டோன்மென்ட்டில் புதிதாக ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸுக்குள் கைக்குழந்தையோடு நுழையும் வேலூர்ப் பக்கத்துப் பெண் முதலில் அண்ணாந்து பார்ப்பாள். தூளி கட்டக் கொக்கி இருக்கிறதா என்று. ஒன்று இருக்கும், அதில் மின்விசிறி தொங்கிக்கொண்டிருக்கும். ராணுவக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எம்.இ.எஸ். துறையின் வரைபடத்தில் கட்டிலுக்கு இடம் உண்டு, அலமாரிக்கு இடம் உண்டு, தூளிக்கு இல்லை. குழந்தையை இரண்டு நாள் மடியில் போட்டு ஆட்டி முட்டி வலித்த பிறகு, இரும்புத் தொட்டில் ஸ்டாண்டு ஒன்று பஜாரில் வாங்கப்படும். அம்மாவின் பழைய வாயில் புடவை அதில் ஏறும்.

ஜெர்மனியில் ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்துக்கு அடுத்த ஊரில் வாடகை வீட்டுக்குள் நுழையும் அமெரிக்கப் பெண் அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து சுவரடியைப் பார்க்கிறாள். அவள் தேடுவது பிளக் பாயின்ட். ஊரிலிருந்து கொண்டுவந்த புட்டி சூடாக்கி 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே சுவரில் வருவது 230. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்காமல் செருகினால் புகைதான் வரும். அடுத்த அறையில் குழந்தை அழுவதைக் கேட்கும் மானிட்டருக்கு வேறு வில்லங்கம். அமெரிக்கக் கடைகளில் டெக்ட் 6.0 என்று விற்கும் கருவிகளின் அலைவரிசை ஜெர்மனியில் செல்பேசி நிறுவனங்களுக்குரியது. அங்கே அதைப் போட்டால் சட்ட மீறல். ஆக, பிள்ளை அழுவதைக் கேட்கும் கருவியைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்க வேண்டியதுதான்.

படைவீரனின் மனைவியைப் பற்றிச் சங்க காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அவள் வாசலில் காத்திருப்பவள். மாற்றலாகிப் போன ஊரில், மாலை ஆறு மணிக்குக் குழந்தை ஏன் இப்படிக் கத்துகிறது என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் நிற்பவளாக அவளைக் காட்டியது குறைவு. இந்திய ராணுவத்தில் ஒரு நாயக்கின் வீட்டையும், அமெரிக்கப் படையில் ஒரு சார்ஜென்ட்டின் வீட்டையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பதவிக்குப் பதவி என்றால் சார்ஜென்ட்டுக்குச் சமம் ஹவில்தார். ஆனால் முதல் குழந்தை பிறக்கும் வயதுக்கு நாயக்தான் பொருந்துவார். இந்த ஒப்பீட்டில் தோள்பட்டைப் பட்டையைவிடக் குழந்தையின் வயது முக்கியம்.

முதலில் பயணம். அமெரிக்கப் படையில் இதற்குப் பெயர் பி.சி.எஸ்., நிரந்தர இடமாற்றம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கு 'நிரந்தரம்' என்று பெயர் வைக்க ஒரு ராணுவத்தால்தான் முடியும். ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேர் இப்படி இடம் பெயர்கிறார்கள். பெரும்பகுதி கோடையில், பள்ளி விடுமுறையை ஒட்டி. குடும்பத்தோடு இருக்கும் சார்ஜென்ட்டுக்கு, அதாவது இ-5 நிலைக்கு, 9,000 பவுண்டு சாமான் கொண்டுபோக உரிமை உண்டு. நம் கணக்கில் 4,000 கிலோவுக்குச் சற்று மேல். ஒப்பந்தக்காரர்கள் வந்து, ஒவ்வொரு பொருளிலும் எண் போட்ட வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, பட்டியல் எழுதிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். குடும்பம் பால்டிமோரில் படையின் வாடகை விமானத்தில் ஏறி ராம்ஸ்டைனில் இறங்கும். சாமான் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குழந்தை எங்கே தூங்கும்? தளத்தில் இதற்கென்றே ஓர் இரவல் நிலையம் உண்டு. தட்டு, வாணலியிலிருந்து சில இடங்களில் மடக்குத் தொட்டில் வரை கையெழுத்துப் போட்டு வாங்கி வரலாம். தன் குழந்தைக்கு முன் எத்தனை குழந்தைகள் அந்தத் தொட்டிலின் விளிம்பைக் கடித்திருக்கும் என்று யோசிக்காமல் இருந்தால் சரி.

நாயக்கின் சாமான் கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்டில் எண், பதவி, பெயர், யூனிட். ஏழாவது சம்பளக் குழுவுக்குப் பின் வந்த மத்திய அரசு விதியில், அவருடைய நான்காம் நிலைச் சம்பளத்துக்கு மாற்றல் சாமான் 1,500 கிலோ வரை. அவ்வளவு சாமான் அவரிடம் இருப்பதில்லை என்பது வேறு விஷயம். காட்பாடியில் ஏறினால் ரயிலில் இரண்டு இரவு. ஸ்லீப்பர் பெட்டியில் இரண்டு கீழ் பெர்த்துக்கு நடுவே துப்பட்டாவால் தூளி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சக பயணிகள் காலை ஒதுக்கிக்கொண்டு மகாராஷ்டிரம் முழுக்க மாறி மாறி ஆட்டிவிட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் நான்கு பெட்டியைச் சேர்த்துப் போட்டு மேலே மெத்தை விரித்தால் அதுவே திவான். குழந்தை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுவது, பெரும்பாலும், அப்பாவின் எண் எழுதிய அந்த இரும்பு விளிம்பைப் பிடித்துத்தான்.

இதுவரை சாமான் கணக்கு. இதை மட்டும் வைத்து அங்கே வசதி, இங்கே சிரமம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இரண்டு ராணுவமும் இடம் மாற்றுவது ஒரே பொருளை அல்ல.

அமெரிக்க ராணுவம் மாற்றுவது ஒரு வீட்டை. உத்தரவில் மனைவி பெயரும் குழந்தை பெயரும் இருக்கும். டிக்கெட், தங்குமிடப்படி எல்லாம் மூன்று பேருக்கும் சேர்த்து. ஆனால் அந்த ஒரு வீட்டை மட்டும்தான் மாற்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு தேதி, வேறு நாடு. படைவீரர்களைத் தனித்தனியாக அனுப்பி இடம் நிரப்புவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். 1980களில் ஒரே அணியைச் சேர்த்தே வைத்திருக்கும் கோஹார்ட் என்ற திட்டத்தை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். அதனால் ராம்ஸ்டைனில் அந்தப் பெண் பழகும் தோழி அடுத்த ஜூனில் போய்விடுவாள். போகாவிட்டால் இவள் போய்விடுவாள்.

இந்திய ராணுவம் மாற்றுவது ஆளை. காலாட்படை என்றால் ஆளைக்கூட அல்ல, பட்டாலியனை மொத்தமாக. இரண்டு மூன்று ஆண்டு எல்லையோரம், அதாவது பீல்டு. பிறகு இரண்டு மூன்று ஆண்டு பீஸ், அதாவது அமைதிப் பகுதி. பீஸ் ஸ்டேஷனில்தான் குடும்பம். அதுவும் குவார்ட்டர்ஸ் பட்டியலில் முறை வந்தால். வீடு எப்போதும் பற்றாக்குறை. 2002இல் சுமார் 2 லட்சம் வீடுகள் கட்டத் தனித் திட்டமே தொடங்க வேண்டி வந்தது. எனவே வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு வீடு படையில் ஆள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் கேட்டால், 'இடமாற்றம்' என்று யாரும் சொல்வதில்லை. "பீஸ் கெடச்சிருக்கு, கூட்டிட்டுப் போறாரு" என்பார்கள். கூட்டிக்கொண்டு போகலாம், போகாமலும் இருக்கலாம். அமெரிக்கச் சார்ஜென்ட் வீட்டில் குழந்தை போவது உத்தரவின்படி. இங்கே குழந்தை போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது பாட்டி.

பாட்டிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றால், தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்திலிருந்து. குழந்தை குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ பிறக்கும்போது அப்பா சியாச்சின் அடிவாரத்தில் இருக்கலாம். ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதைப் பொங்கலுக்கு, தங்கை கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு என்று பிய்த்துப் பிய்த்து எடுப்பார். பிள்ளைக்கு ஏழெட்டு மாதமாகும்போது குடும்பமாக ஜலந்தர் போகிறார்கள் என்றால், குழந்தையைப் பொறுத்தவரை ஒரே வாரத்தில் மூன்று மாற்றல்: பாட்டியிடமிருந்து, ஊரிலிருந்து, மீசை வைத்த ஒரு புது ஆளிடம். ஏழெட்டு மாதம் என்பது வேற்றுமுகம் பார்க்கும் பருவம். வீட்டுக்குள் சீருடையில் நுழைகிறவரைப் பார்த்துக் குழந்தை வீறிடும். லுங்கி கட்டிக்கொண்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். எத்தனையோ அப்பாக்கள் பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்க வாசலிலேயே பூட்ஸையும் தொப்பியையும் கழற்றியிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சார்ஜென்ட் பிரசவ அறையிலேயே இருப்பார். 2022 இறுதியிலிருந்து, பெற்ற தாய்க்கு உடல் தேறும் விடுப்பு தனி. அதன்மேல் படையில் உள்ள தாய் தந்தை இருவருக்கும் 12 வார விடுப்பு. அவர் டயப்பர் மாற்றுவார், இரவு மூன்று மணிப் புட்டியைக் கொடுப்பார். பிறகு ஒருநாள் அணி வேறெங்காவது போகும், ஆறு மாதமோ ஒன்பது மாதமோ கழித்துத் திரும்பி வருவார். அவருடைய வீட்டில் வேற்றுமுகம் இப்படிக் கடைசியில் வருகிறது. நம் நாயக்கின் வீட்டில் முதலில் வந்துவிடுகிறது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாத அப்பாவைப் பழகிக்கொள்வது ஒரு வகை; தெரிந்த அப்பா தெரியாதவராகத் திரும்புவது இன்னொரு வகை.

காகிதத்தில் மட்டும் இரண்டு ராணுவமும் அண்ணன் தம்பி. குழந்தை பிறந்துவிட்டால் போதாது, பதிவாக வேண்டும். நாயக்கின் யூனிட் அலுவலகத்தில் 'பார்ட் டூ ஆர்டர்' வெளியாகும் வரை குழந்தை ராணுவத்தின் கண்ணில் பிறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஊருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் தபால் அலையும். அமெரிக்கப் படையில் அந்தப் பதிவேட்டின் பெயர் டீர்ஸ். உள்நாட்டில் பிறந்தால் 90 நாளுக்குள், வெளிநாட்டில் 120 நாளுக்குள் பதிந்தால்தான் குழந்தையின் மருத்துவக் காப்பீடு தொடரும். ஜெர்மன் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு மேலும் உண்டு: உள்ளூர் அலுவலகத்தில் ஜெர்மன் பிறப்புச் சான்று, தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட். தலை நிற்காத குழந்தையை வெள்ளைத் துணியில் கிடத்தி, கண் திறந்திருக்கும் ஒரு நொடியில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு பிற்பகல் முழுதும் போகும்.

தடுப்பூசியில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. நம் நாட்டு அட்டவணை எல்லா மாநிலத்துக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். குடியாத்தத்தில் ஆறாவது வார ஊசி போட்ட அட்டையை ஜலந்தர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்டினால் பத்தாவது வாரத்திலிருந்து தொடர்வார்கள். அமெரிக்கக் குடும்பத்துக்குத் தளத்து மருத்துவமனை இருக்கிறது. ராம்ஸ்டைன் பக்கத்து லாண்ட்ஸ்டூல் மருத்துவமனைக்குத்தான் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்ட அமெரிக்க வீரர்களைக் கொண்டுவந்தார்கள். பிரசவ வார்டும் அதே மருத்துவமனையில் இருந்தது.

சோற்றிலும் சொல்லிலும்தான் இந்த ஒப்பீடு என்னை வியக்க வைத்தது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிப் போன அமெரிக்கக் குழந்தை உண்மையில் எங்கும் போகவில்லை. ராம்ஸ்டைனும் கைசர்ஸ்லாட்டர்னும் சேர்ந்த வட்டாரத்தில் சுமார் 50,000 அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் அவர்களுடைய மிகப் பெரிய குடியிருப்பு அது. ஊர்ப் பெயர் வாயில் நுழையாததால் 'கே-டவுன்' என்று சுருக்கிக்கொண்டார்கள். தளத்துக் கடையில் பால்பொடியும் டயப்பரும் டெக்சஸில் இருந்த அதே டப்பாவில், டாலரில் கிடைக்கும். கேட்டில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனால் அமெரிக்கா. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது, கடை திறக்காது என்ற ஜெர்மன் வழக்கம் மட்டும், அதுவும் வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு, ஊர் மாறியதை நினைவூட்டும். குழந்தையின் முதல் சொல் ஆங்கிலத்தில்தான் வரும்.

எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே போன நம் குழந்தைதான் உண்மையில் வெளிநாடு போனது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சுகிறாள் அம்மா. அந்தக் கேழ்வரகு ஜலந்தர் பஜாரில் சட்டென்று கிடைக்காது. விடுப்பில் போய் வருகிற யாரோ ஒருவர் பெட்டியில்தான் வர வேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவுப் பாக்கெட்டும் அப்படியே. ஜனவரி விடியலில் குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும்போது பாட்டில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாகக் கிடக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபிப் பெண் கடுகெண்ணெயை ஓமம் போட்டுக் காய்ச்சி எடுத்து வந்து, வெயிலில் உட்கார்ந்து குழந்தையைத் தன் நீட்டிய காலில் குப்புறப் போட்டுத் தேய்க்கிறாள். காலில் போட்டுத் தேய்ப்பது நம் ஊர்க் கிழவிகளின் முறையேதான். எண்ணெய் மட்டும் வேறு. அந்த வாசனைக்கு முகம் சுளித்த அம்மா ஒரு மாதத்தில் அதைத் தானே வாங்கத் தொடங்கிவிடுவாள். அடுத்த விடுப்பில் ஊருக்குப் போகும்போது பிள்ளை சொம்பைப் பார்த்து "பானி" என்னும். "அது என்னாடி சொல்லுது?" என்பாள் பாட்டி. தனக்குத் தெரியாத மொழியில் பேரன் தண்ணீர் கேட்பதைக் கேட்டு அவள் சிரிக்கிறாளா, சங்கடப்படுகிறாளா என்று பார்த்தால் தெரியாது.

நாயக் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரராக இருந்தால் இந்தக் கதை கொஞ்சம் மாறும். 1758இல் வேர்கொண்ட, வெலிங்டனில் தலைமையகம் வைத்திருக்கும் அந்தப் படைப்பிரிவில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் ஒன்றாக இருக்கும். ஜலந்தரிலோ குவஹாத்தியிலோ அவர்கள் லைனில் காலையில் தாளிக்கும் வாசனை தென்னாட்டு வாசனைதான். பட்டாலியன் நகர்ந்தால் அந்தத் தெருவே நகர்கிறது. தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ், வழங்கலைப் பார்க்கும் ஏ.எஸ்.சி. போன்ற பிரிவுகளில் எல்லா மாநிலமும் கலந்திருக்கும். அங்கே மூன்றாவது மாடியில் ஒரு திருவண்ணாமலைக்காரி இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், பெயர்கூடக் கேட்காமல் "அக்கா" ஆகிவிடுவாள்.

இந்த அக்காவைத்தான் அமெரிக்க ராணுவம் அலுவலகம் வைத்துச் செய்து பார்த்திருக்கிறது. தெருவோடு நகராத படை, ஒவ்வொரு முறையும் தெருவைப் புதிதாகக் கட்ட வேண்டும் அல்லவா? வந்து இறங்கும் குடும்பத்துக்கு 'ஸ்பான்சர்' என்று ஒருவரை நியமிக்கிறார்கள், வரவேற்று ஊரைக் காட்டுவதற்கு. கருவுற்றதிலிருந்து குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை, புதுப் பெற்றோர் உதவித் திட்டத்தில் செவிலியரோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கே வந்து பார்ப்பார். மரைன் படையில் ஐந்து வயது வரை. 1989இல் குழந்தைகள் காப்பகத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். ஆறு வாரக் குழந்தையிலிருந்து தளத்துக் காப்பகத்தில் சேர்க்கலாம், காத்திருப்புப் பட்டியல் அனுமதித்தால். பட்டியலில் இடம் வருவதற்குள் அடுத்த மாற்றல் வந்த கதைகளும் உண்டு. காப்பகம் இல்லையென்றால் மனைவிக்கு வேலையும் இல்லை: 2021 கணக்கெடுப்பில் அமெரிக்கப் படைவீரர்களின் மனைவி அல்லது கணவரில், வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த கணக்கில் வேலையின்மை 21 சதவீதம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குப் பால், முட்டை, பால்பொடி வாங்க விக் என்ற உணவுத் திட்டம் உண்டு. அதற்கு வெளிநாட்டுத் தளங்களிலும் கிளை வைத்திருக்கிறார்கள். உலகிலேயே அதிகம் செலவு செய்யும் படையின் கீழ்நிலை வீரர் வீட்டுக்குக் குழந்தைப் பால்பொடி உதவித் திட்டத்தில் போகிறது என்பதை இரண்டு முறை படித்துத்தான் நம்பினேன்.

நம் பக்கம் 1966இல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கம், ஆவா, இருக்கிறது. கேன்டீன் இருக்கிறது. எம்.ஐ. ரூம் என்கிற யூனிட் மருத்துவ அறை இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் தட்டப்படுவது எதிர்வீட்டுக் கதவு. இதைச் சொல்லும்போது நம் எழுத்தில் ஒரு பெருமிதம் வந்து உட்கார்ந்துகொள்ளும்: பார், அவர்களுக்கு அலுவலகம், நமக்கு மனிதர்கள்! எனக்கு அந்தப் பெருமிதத்தில் முழுச் சம்மதமில்லை. எதிர்வீட்டுக் கதவுக்கும் பதவி உண்டு. சுபேதார் சாப் வீட்டுக் கதவை நாயக்கின் மனைவி நள்ளிரவில் தட்டத் தயங்குவாள். நலக்கூட்டத்தில் முன்வரிசை யாருக்கு, பின்வரிசை யாருக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழும் குழந்தையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியாத இந்தியில் சத்துணவு பற்றிய பேச்சைக் கேட்டிருப்பது ஒரு வகைத் தனிமை.

இன்னொன்று. அந்த அமெரிக்கச் செவிலியர் வீட்டுக்கு வந்தால் குழந்தையை எடை போடுவதோடு நிற்பதில்லை. உட்கார்ந்து அம்மாவிடம் கேட்பார்: தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, குழந்தையைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறதா. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான கேள்விகள். ஜலந்தர்க் குவார்ட்டர்ஸில் கணவர் பயிற்சிக்குப் போய் மூன்று வாரமான பெண்ணிடம் இதைக் கேட்க ஆள் வருவது அரிது. அவள் பகலெல்லாம் பால்கனியில் நின்றால், ஊர் நினைப்பு என்று சொல்லிவிடுவார்கள். ஊரில் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்; ஆனால் அங்கே அம்மா இருந்திருப்பாள், கேட்காமலே குழந்தையை வாங்கிக்கொண்டு "போய்ப் படு" என்றிருப்பாள். அந்த இரண்டு சொல் ஜலந்தரில் கிடைக்காது. ராம்ஸ்டைனிலும் கிடைக்காது. செவிலியரால் கேட்க முடியும், குழந்தையை வாங்கிக்கொண்டு இரவு முழுதும் இருக்க முடியாது.

அதே செவிலியர் நம் தூளியைப் பார்த்தால் பதறிப்போவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை தனியாக, மல்லாந்து, கெட்டியான தட்டைப் படுக்கையில், தலையணை போர்வை இல்லாமல் தூங்க வேண்டும் என்பது 1990களிலிருந்து அங்கே வலியுறுத்தப்படும் விதி. திடீர் குழந்தை இறப்புகள் அதனால் வெகுவாகக் குறைந்தன. தூளியில் வளர்ந்த எனக்கு அந்தப் புடவை வளைவைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவர் சொல்வதில் தவறும் இல்லை.

மூன்றாவது ஆண்டு உத்தரவு வரும். ராம்ஸ்டைனில் ஒப்பந்தக்காரர்கள் வந்து தொட்டிலைக் கழற்றிப் புது நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பழைய ஸ்டிக்கர் இன்னும் கால் பக்கத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஜலந்தரில் யூனிட் பீல்டுக்குப் போகிறது, வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாயக் டிரங்குப் பெட்டியின் மூடியைச் சுரண்டிவிட்டுப் யூனிட்டின் புது முகவரியை எழுதிக்கொண்டிருப்பார், பெயின்ட் தொட்ட விரலைப் பிள்ளை பிடித்து இழுக்கும். ஸ்டாண்டை மூன்றாவது மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டாயிற்று, அவளுக்கு இது ஏழாம் மாதம். புடவையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். காட்பாடி வரை இரண்டு இரவு, பிள்ளைக்கு இப்போது மூன்றரை வயது, தூளியில் கால் மடங்காது. இருந்தாலும் மேலாகவே வைத்திருக்கிறாள், எடுக்கத் தோதாக.